சங்கிலி அறுந்த கதையும் சைக்கிள் பாடமும்

காசிக்குப் படிக்க வந்து சேரும் தமிழ் மாணவன் முதல் வாரத்தில் வாங்கும் பொருள்கள் மூன்று: ஒரு வாளி, ஒரு பூட்டு, ஒரு பழைய சைக்கிள். முதல் இரண்டையும் பற்றி எழுத ஒன்றுமில்லை. மூன்றாவதைப் பற்றி எழுத வேண்டிய கடமை எனக்கு உண்டு. ஏன் கடமை என்கிறேன் என்பது கட்டுரையின் நடுவில் விளங்கும்.

அரைவட்டம் அரைவட்டமாகச் சாலைகள் வகுத்து, மரம் வைத்து, மாளவியா அவர்கள் 1916-இல் நிறுவிய இந்தப் பல்கலைக்கழகத்தில் விடுதிக்கும் வகுப்பறைக்கும் இடையே உள்ள தூரம் நடப்பவனுக்கு அதிகம். வண்டி வைத்துப் போவதற்குக் குறைவு. சைக்கிளுக்கு ஏற்ற தூரம் அது. ஆனால் நாம் வாங்கும் சைக்கிளோ நம்மைவிட மூத்தது. நாலைந்து மாணவர் கைமாறி வந்திருக்கும். மழைக்காலத்தில் கங்கை மண்ணும், கோடையில் ‘லூ’ காற்றின் புழுதியும் அதன் சங்கிலியில் படிந்திருக்கும். நம்மிடம் இருக்கும் கருவிகளோ பூட்டும் அடிக்கோலும் பல்துலக்கும் பிரஷுந்தான். இவற்றை வைத்துக்கொண்டு எவ்வளவு செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சங்கிலி என்ன செய்கிறது?

சைக்கிளின் தொடக்க காலத்தில் மிதிகட்டை முன் சக்கரத்திலேயே பொருத்தப்பட்டிருந்தது. ஒருமுறை மிதித்தால் சக்கரம் ஒருமுறை சுழலும். ஆகவே வேகம் வேண்டுமானால் சக்கரத்தை ஆளுயரத்துக்குப் பெருக்க வேண்டியிருந்தது. 1880-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் உருளை வைத்த சங்கிலியைக் கண்டுபிடித்தார். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் கவென்ட்ரி நகரில் இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவுள்ள, பின்சக்கரத்தைச் சங்கிலியால் ஓட்டும் ‘ரோவர்’ சைக்கிளைச் செய்தார். இன்று நாம் ஏறிப்போகும் வண்டி அதன் பேரப்பிள்ளை.

என் சைக்கிளில் பற்களை எண்ணிப் பார்த்தேன். முன்னே 44, பின்னே 18. ஆகவே மிதிகட்டை ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் சற்றேறக்குறைய இரண்டரை முறை சுற்றும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2¼ மீட்டர். அப்படியானால் ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர் போகிறோம். இந்த ஐந்தரை மீட்டரையும் இழுத்துத் தருவது விரல் தடிமன்கூட இல்லாத ஒரு சங்கிலி. எழுந்து நின்று மிதிக்கும்போது நம் முழு எடையும், அதற்கு மேலும், அதன் ஒவ்வொரு கண்ணியிலும் ஏறுகிறது.

கண்ணியைக் கூர்ந்து பாருங்கள். இரண்டு வெளித்தகடுகள், அவற்றைக் கோக்கும் முளைகள், அடுத்து இரண்டு உள்தகடுகள், அவற்றின் நடுவே உருளைகள். ஒரு முளையின் மையத்திலிருந்து அடுத்த முளையின் மையம் வரை சரியாக அரை அங்குலம். வெளிக்கண்ணி ஒன்றும் உள்கண்ணி ஒன்றும் சேர்ந்த ஒரு இணை, ஓர் அங்குலம். இந்தக் கணக்கு ஒன்றை மனத்தில் வைத்தால் போதும். மீதி எல்லாம் இதிலிருந்து வரும்.

நான் செய்த பிழை

முதுகலை முதலாண்டில் என் சைக்கிள் சங்கிலி அடிக்கடி கழன்றது. தொங்கலாக இருக்கிறது, நீண்டுவிட்டது என்று எண்ணினேன். பின்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தேன். இழுக்க இடம் தீர்ந்துவிட்டது. தேர்வுக்காலம். லங்கா வாயிலுக்கு வெளியே உள்ள பழுதுகடைகளுக்குப் போய் நிற்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓர் இணையை எடுத்துவிட்டால் ஓர் அங்குலம் குறையுமே! ஒரு ஆணியை வைத்து, அறைப்பூட்டைச் சுத்தியலாகக் கொண்டு, முளையை அடித்து வெளியே தள்ளினேன். முழுவதும் தள்ளிவிட்டேன். பிறகு அதையே திரும்பவும் துளையில் வைத்து அடித்து ஏற்றினேன். போக மறுத்தது, இன்னும் பலமாக அடித்தேன். போயிற்று. மிதிகட்டையைக் கையால் சுற்றிப் பார்த்தேன், சுழன்றது. பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை எதிர் அறைத் தம்பி வந்து நின்றார். கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளை, இளங்கலை மாணவர். “அண்ணே, பரீட்சைக்கு நேரமாச்சு, என் வண்டி பஞ்சர். உங்க வண்டியத் தர்றீங்களா?” என்றார். “கொண்டுபோப்பா, நேத்துத்தான் சரிபண்ணி வச்சிருக்கேன்” என்றேன். அந்தச் சொல்லை இன்றுவரை நான் மறக்கவில்லை.

வளைவில் எதிரே வந்த ரிக்‌ஷாவுக்கு முந்திவிட எழுந்து நின்று மிதித்திருக்கிறார். சங்கிலி அறுந்தது. கால் வெறுமையில் இறங்க, அவர் வலக்கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அன்றைய தேர்வும் போயிற்று. மிச்சமிருந்த மூன்று தேர்வுகளும் போயின. அடுத்த ஆண்டு தம்மைவிட இளையவர்களோடு உட்கார்ந்து அவற்றை எழுதினார். மாலையில் கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தவரைப் பார்க்கப் போனேன். அவர் முதலில் கேட்டது, “அண்ணே, வண்டி ரொம்பச் சேதமா?” என்பதுதான்.

அறுந்த சங்கிலியை நான் எடுத்துப் பார்த்தேன். முளை சாய்ந்திருந்தது. ஒரு பக்கம் தகட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மறுபக்கம் தகட்டின் துளைக்குள் நூலிழை அளவே பிடித்திருக்கிறது. நான் பலமாக அடித்ததில் துளையும் அகன்றுபோயிருந்தது. மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் தம்பியிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரியாச் செய்யக் கத்துக்கோங்கண்ணே” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

கற்றுக்கொள்ள லங்காவில் மரத்தடியில் கடை போட்டிருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். எல்லா மாணவருக்கும் அவர் ‘சாச்சா’. அறுந்த சங்கிலியை அவர் கையில் கொடுத்தேன். அவர் முளையைப் பார்க்கவில்லை. சங்கிலியின் நீளத்தைத்தான் பார்த்தார். “பேட்டா, இதைக் குறைத்திருக்கவே கூடாது, தூக்கிப் போட்டிருக்க வேண்டும்” என்றார். அதன்பின் பல ஞாயிற்றுக்கிழமைகள் அவர் அருகில் குந்தி உட்கார்ந்து கற்றதையே கீழே தருகிறேன்.

அடிக்கோலால் அளத்தல்

சங்கிலி நீண்டுவிட்டது என்கிறோம். இரும்பு நீளுவதில்லை. முளையும் அது சுழலும் துளையும் தேய்கின்றன. ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை அளவு இடைவெளி கூடுகிறது. நூற்றுக்கு மேற்பட்ட மூட்டுகளின் மயிரிழைகள் சேர்ந்து விரற்கடையாகின்றன. ஆகவே கண்ணியைக் கழற்றி நீளத்தைக் குறைப்பது, காய்ச்சல்காரனின் வெப்பமானியைக் குளிர்ந்த நீரில் வைப்பது போன்றதே. தேய்வு அப்படியேதான் இருக்கும்.

தேய்வை அளக்க நம் 30 செ.மீ. அடிக்கோல் போதும். சங்கிலியை இழுத்துப் பிடித்து, ஒரு முளையின் மையத்தில் கோலின் சுழியை வையுங்கள். பத்து இணைகள் எண்ணுங்கள். புதுச் சங்கிலியில் அந்த முளையின் மையம் 254 மில்லிமீட்டரில், அதாவது சரியாகப் பத்து அங்குலத்தில் நிற்கும். 255-ஐத் தாண்டிவிட்டால் புதுச் சங்கிலிக்குக் காசு சேர்க்கத் தொடங்குங்கள். 256½-ஐத் தொட்டுவிட்டால் சங்கிலி மட்டுமன்றிப் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கக் கூடும். பற்களைப் பாருங்கள். நேராக நிற்க வேண்டிய பல் அலைபோல் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கியாகியிருந்தால் அது தேய்ந்த பல். அந்தச் சக்கரத்தில் புதுச் சங்கிலி போட்டால் அழுத்தி மிதிக்கும்போது தாவும். கடையில் சங்கிலிக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு வந்து, ‘புதுச் சங்கிலியும் சரியில்லை’ என்று நொந்துகொள்பவர் பலர்.

அழுக்கெடுத்தலும் எண்ணெயிடுதலும்

சங்கிலியின் ஆயுளைக் கூட்டுவது துப்புரவு. பழைய பல்துலக்கும் பிரஷ், பழந்துணி, ஒரு தகர மூடியில் சிறிது மண்ணெண்ணெய் அல்லது டீசல், இவை போதும். பெட்ரோல் வேண்டா, விடுதியறையில் அது நெருப்பை அழைப்பது. பிரஷை நனைத்துக் கண்ணிகளின் நடுவே தேய்த்து, துணியால் சங்கிலியைப் பற்றிக்கொண்டு மிதிகட்டையைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். கரி துணிக்கு வரும். துணி ஓரளவு வெளுப்பாக வரும்வரை செய்யுங்கள். பின் ஒரு மணிநேரம் உலர விடுங்கள்.

எண்ணெய் எங்கே வேண்டும்? உருளையின் உள்ளே, முளையின் மேல். வெளியே மினுமினுவென்று வழியும் எண்ணெயால் ஒரு பயனுமில்லை. புழுதியைப் பிடித்து அரைக்கும் களிம்பாகும் அவ்வளவே. ஆகவே ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சொட்டு வீதம் மேற்புறத்தில் இடுங்கள். பத்து நிமிடம் சுற்றுங்கள். பிறகு வெளியே தெரியும் எண்ணெயையெல்லாம் துணியால் துடைத்துவிடுங்கள். ‘இட்டதை ஏன் துடைக்கிறாய்’ என்று கேட்பவர்களுக்கு, உள்ளே போனது உள்ளேதான் இருக்கிறது என்று விடை சொல்லலாம்.

எந்த எண்ணெய்? தையற்பொறி எண்ணெய் நன்று. மழைக்காலத்தில் அது விரைவில் கழுவப்பட்டுவிடும். அப்போது மோட்டார் என்ஜின் எண்ணெய் தாங்கும். நம்மவர் பலர் ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெயைச் சங்கிலிக்கும் இடுகிறார்கள். வேண்டா. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை வெப்பத்துக்குக் கீழே உறையத் தொடங்கும். காசியின் மார்கழியில் தலைக்கு வைக்கவே பாட்டிலை வெயிலில் நிறுத்த வேண்டியிருக்கிறதே, சங்கிலிக்குள் அது மெழுகாகத்தானே நிற்கும்? இங்குள்ளோர் இடும் கடுகெண்ணெயும் காற்றுப்பட்டு நாளடைவில் பிசினாகும். தாவர எண்ணெய்கள் உண்பதற்கு. சங்கிலிக்குக் கனிம எண்ணெய்.

தொங்கலைச் சரிசெய்தல்

சங்கிலியின் கீழ்வரிசையின் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஏறக்குறைய அரை அங்குலம் ஆட வேண்டும். அதைவிடக் கூடினால் கழலும். குறைந்தால் மிதிப்பு கனக்கும், உருள்குண்டுகள் தேயும். முன் பற்சக்கரம் சிறிது நடு விலகியிருப்பது பழைய வண்டிகளில் இயல்பு. அதனால் ஓரிடத்தில் இறுக்கமாகவும் ஓரிடத்தில் தொங்கலாகவும் இருக்கும். மெதுவாகச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தைக் கண்டு, அங்கே அளவை வையுங்கள்.

சரிசெய்ய, பின்சக்கரத்தின் இருபக்க நட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னே இழுங்கள். முதலில் சங்கிலிப்பக்க நட்டைப் பாதி இறுக்குங்கள். பிறகு சக்கரம் சட்டத்தின் இரு கால்களுக்கும் நடுவில் ஓடுகிறதா என்று பார்த்து மறுபக்கத்தை இறுக்குங்கள். பின் இரண்டையும் முழுவதும் இறுக்குங்கள். ஒன்றை மறவாதீர்கள்: சக்கரம் நகர்ந்தால் பின் பிரேக்குக்கட்டைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியும் மாறிவிடும். பிரேக்கைப் பிடித்துப் பார்க்காமல் ஏறக் கூடாது.

முளையை எடுத்தலும் கோத்தலும்

நம் பழைய வண்டிச் சங்கிலிகளில் பெரும்பாலும் ஒரு பூட்டுக்கண்ணி இருக்கும். மீன்வடிவமான ஒரு சிறு வில்தகடு அதைப் பிடித்திருக்கும். குறடோ திருப்புளியோ கொண்டு வில்லைத் தள்ளினால் கண்ணி கழலும். தள்ளும்போது மேலே துணியைப் போர்த்துங்கள். இல்லையேல் வில் பறந்து போய்விடும், பிறகு புல்லில் தேட வேண்டியதுதான். திரும்ப மாட்டும்போது வில்லின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். மேல்வரிசையில் பார்த்தால் முன்சக்கரத்தை நோக்கி. மாற்றி மாட்டினால் எதிலாவது உரசி வில் திறந்துகொள்ளும்.

பூட்டுக்கண்ணி இல்லாத இடத்தில் முளையை எடுக்க வேண்டி வந்தால் முறை இது. முளை விழுமளவுக்குத் துளையுள்ள ஒரு நட்டைக் கல்தரையில் வைத்து, அதன் துளைக்கு நேரே முளை நிற்குமாறு கண்ணியை வையுங்கள். முளையைவிடச் சற்று மெலிந்த ஆணி ஒன்றின் கூரை அறுத்து, அரத்தால் தட்டையாக்கி, அதை முளையின் தலையில் நேராக நிறுத்துங்கள். ஆணியைக் குறட்டால் பிடியுங்கள். விரலால் பிடித்தால் முதல் அடி விரலுக்கு. கண்ணாடி அணியாதவர்கள் யாரிடமேனும் இரவல் வாங்கியாவது கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். சுத்தியலால் சிறு சிறு அடிகள். ஒவ்வோர் அடிக்கும் நேராகப் போகிறதா என்று பாருங்கள்.

இங்கேதான் நான் தவறினேன். அதே முளையை மீண்டும் பயன்படுத்துவதானால் அதை முழுவதும் வெளியே தள்ளக் கூடாது. உள்கண்ணி விடுபட்டதும் நிறுத்த வேண்டும். முளையின் நுனி அப்பக்கத்து வெளித்தகட்டில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் திரும்ப அடிக்கும்போது அது தானாக நேர்வழி போகும். முழுவதும் வந்துவிட்ட முளையை மறந்துவிடுங்கள். அந்த வெளிக்கண்ணியையே நீக்கிவிட்டு, அவ்விடத்தில் கடையில் வாங்கிய பூட்டுக்கண்ணியைப் போடுங்கள். அது மிகச் சிறிய பொருள். மிகக் குறைந்த காசு. பணப்பையில் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

கோக்கும்போது இரு நுனிகளையும் கையில் பிடித்துத் தவிக்க வேண்டியதில்லை. பின் பற்சக்கரத்தின் பற்களிலேயே இரு நுனிகளையும் மாட்டிவிட்டால் பற்கள் பிடித்துக்கொள்ளும். கோத்தபின் முளை இருபுறமும் ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நகத்தால் தடவிப் பாருங்கள்; கண்ணைவிட நகம் நம்பத்தக்கது. கண்ணி மடங்காமல் விறைப்பாக இருந்தால் இருகைகளாலும் பக்கவாட்டில் இலேசாக வளைத்து விடுங்கள், தளரும்.

எண்ணிக்கையைக் குறைப்பதானால் இணையாகவே, ஓர் அங்குலமாகவே குறைக்க இயலும். உள்கண்ணியோடு உள்கண்ணியைக் கோக்க இயலாதே! ஓர் அங்குலம் குறைத்தால் பின்சக்கரம் அரை அங்குலம் முன்னே வரும்.

‘குத்தா’ பிடிக்காமை

இந்நகரத்துக்கு வந்த புதிதில் பழுதுகடையில் ஒருவர் “குத்தா ஃபெயில்” என்று சொல்லக் கேட்டுத் திகைத்தேன். நாய் எங்கே வந்தது? பின்சக்கரத்தின் ஃபிரீவீலுக்குள் வில்லால் தாங்கப்பட்ட சிறு பற்றுப்பற்கள் உண்டு. முன்னே மிதிக்கும்போது அவை உள்வளையத்தின் பற்களைக் கவ்விக்கொள்ளும். மிதிக்காதபோது ‘கிரிக் கிரிக்’ என்று வழுக்கிவிடும். கவ்வுவதால் இந்தியில் அதற்கு நாய் என்று பெயர். ஆங்கிலப் பொறியியலிலும் கவ்வும் உறுப்பை ‘டாக்’ என்று அழைக்கும் வழக்கம் உண்டு. நாய் கவ்வாவிட்டால் மிதிகட்டை இருபுறமும் வெறுமனே சுழலும், வண்டி நகராது.

பெரும்பாலும் காரணம் உள்ளே உறைந்த பழைய கிரீஸும் புழுதியும். குளிர்காலத்துக் காலையில் இது மிகுதி. சைக்கிளைச் சாய்த்துப் படுக்கவைத்து, ஃபிரீவீலின் சுழலும் பகுதிக்கும் நிற்கும் பகுதிக்கும் இடையே உள்ள கோட்டில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சுழற்றுங்கள். கறுப்பு நீர் மறுபக்கம் வழியும். தெளியும்வரை செய்து, உலரவிட்டு, மெல்லிய எண்ணெய் சில துளிகள் விடுங்கள். கிரீஸ் கூடாது, அதுதானே பற்களை ஒட்டவைத்தது! மண்ணெண்ணெய் டயரிலும் பிரேக்கு உரசும் ரிம்மிலும் படாமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள். இதற்கும் கவ்வாவிட்டால் வில்லோ பல்லோ உடைந்திருக்கிறது. பிரிக்க முயலாதீர்கள். உள்ளே கடுகளவு குண்டுகள் பல உண்டு, அறையெல்லாம் உருண்டோடும். ஃபிரீவீலைக் கழற்றவும் அதன் காடிகளில் பொருந்தும் தனிக்கருவி வேண்டும். நாம் மிதிக்க மிதிக்க இறுகிக்கொண்டே போன மரை அது. உளியும் சுத்தியலும் அதன் காடிகளைச் சிதைக்கவே உதவும். கடைக்கே போங்கள்.

‘டொக் டொக்’ என்னும் ஓசை

ஒவ்வொரு சுற்றிலும் காலடியில் ‘டொக்’ என்று கேட்டால் கிராங்கு அச்சில் தளர்ந்திருக்கிறது. நம் பழைய வண்டிகளில் கிராங்கை அச்சோடு பிணைப்பது ஆப்புவடிவான ஒரு முளை. கடைகளில் ‘காட்டர் பின்’ என்பர். சோதிக்க, இரு கிராங்குகளையும் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால் நடு அச்சின் குண்டுகளில் தளர்ச்சி. ஒன்று மட்டும் ஆடினால் அதன் காட்டர் பின்னில் தளர்ச்சி.

எல்லோரும் செய்வது அதன் நட்டை இறுக்குவது. அது தவறு. நட்டின் வேலை ஆப்பை இழுப்பதன்று. இழுக்கப்பட்ட ஆப்பைக் காப்பது. ஆப்பை மறுபக்கத்திலிருந்து அடித்து ஏற்றிவிட்டுப் பிறகே நட்டை இறுக்க வேண்டும். வெறும் நட்டை முறுக்கினால் மரை அறுந்துபோகும். அடிக்கும்போது கிராங்கின் அடியில் தரைவரை ஒரு கட்டையை முட்டுக் கொடுங்கள். ஆப்பின் நட்டு முனை போகக் கட்டையில் ஒரு குழி வேண்டும். முட்டு இல்லாமல் அடித்தால் அடியின் வேகம் முழுவதும் நடு அச்சின் குண்டுகளுக்குப் போய் அவை ஓடும் தடத்தைக் குழியாக்கும். வெளியே எடுக்க வேண்டுமானால், நட்டை மரையின் நுனிக்குச் சமமாகத் தளர்த்தி வைத்து, முட்டுக் கொடுத்து, ஒரே அடியாக அடியுங்கள். பத்துச் சிற்றடிகள் நுனியைக் காளானாக்கும். ஒரு பேரடி ஆப்பை அசைக்கும். இரு பக்கத்து ஆப்புகளும் எதிரெதிராக நிற்க வேண்டும். ஒன்றின் நட்டு மேல்நோக்கினால் மற்றதன் நட்டு கீழ்நோக்கும். மாற்றிப் போட்டால் இரு கிராங்குகளும் ஒரு கோட்டில் நில்லா.

மிதிகட்டையைப் பற்றியும் ஒரு சொல். இடப்பக்க மிதிகட்டைக்கு மரை தலைகீழ். நினைவில் வைக்க எளிய வழி: ஸ்பானரைக் கிராங்கு அச்சுக்கு மேலே நிமிர்த்தி நிறுத்தி, முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இருபக்கமும் இறுகும், பின்னே தள்ளினால் இருபக்கமும் தளரும்.

சுவர்ச் சோதனை

சாச்சா எனக்குக் கடைசியாகக் கற்றுத்தந்ததை முதலிலேயே கற்றிருந்தால் இக்கட்டுரை பிறந்திராது. சங்கிலியில் கைவைத்தபின், முன்சக்கரத்தைச் சுவரில் முட்டி நிறுத்துங்கள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றபடி, ஒரு காலால் மிதிகட்டையை முழு எடையோடு அழுத்துங்கள். கோத்த கண்ணி மேல்வரிசையில் இருக்கும்போது ஒருமுறை. பின் பற்சக்கரத்தின் மேல் ஏறும்போது ஒருமுறை. முன் பற்சக்கரத்தின் மேல் ஏறும்போது ஒருமுறை. கண்ணிக்கு அறுகிற எண்ணம் இருந்தால் அங்கே அறுந்து போகட்டும். சுவரருகே நிற்பவனுக்குக் காயமில்லை. அதன்பின் நகத்தால் முளையை மீண்டும் தடவிப் பாருங்கள்.

அடுத்து, பழுது பார்த்தவனே முதல் சவாரி செய்ய வேண்டும். இரண்டு நாளாவது அவனே ஓட்ட வேண்டும். அதுவரை இரவல் கேட்பவர்க்கு ‘இல்லை’ என்பதே அன்பு. கையால் சுற்றிப் பார்த்தபோது என் சங்கிலி நன்றாகத்தான் ஓடிற்று. ஓடுவது வேறு, தாங்குவது வேறு.

செய்யக் கூடாதவையும் உண்டு. ஒருமுறை கழற்றிக் கோத்த முளையை மறுமுறை கழற்றாதீர்கள். விரிசல் கண்ட தகட்டுக்கும், வளைந்த கிராங்குக்கும், ஆடும் முன்கவைக்கும் ஆணியும் பூட்டும் மருந்தல்ல. கருவி இல்லாமல் செய்வது சிக்கனம். அறிவு இல்லாமல் செய்வது அடுத்தவன் எலும்போடு விளையாடுவது.

தம்பியின் கை நன்றாகக் கூடிவிட்டது. தேர்வுகளிலும் தேறிவிட்டார். இப்போது எங்கள் விடுதியில் சங்கிலி பார்ப்பதில் என்னைவிட அவர் தேர்ந்தவர்; முளையை நகத்தால் மூன்று முறை தடவாமல் எழுந்திருக்க மாட்டார். தட்டையாக்கிய ஆணி, ஒரு நட்டு, குழிவெட்டிய கட்டை, பிரஷ், இரண்டு பூட்டுக்கண்ணிகள்; இவை அடங்கிய பிஸ்கட் டப்பா ஒன்று என்னிடம் இருக்கிறது. இந்த ஆண்டோடு என் படிப்பு முடிகிறது. டப்பாவை அவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். பூட்டு மட்டும் அதில் இல்லை. ஒரு சுத்தியல் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஐயமுள்ள நண்பர்கள் ஞாயிறு காலை விடுதிப் பின்முற்றத்து வேப்பமரத்தடிக்கு வரலாம். வரும்போது அடிக்கோல் கொண்டுவாருங்கள். முதலில் அளந்து பார்ப்போம்.